இரவுப் பணியும் தேகத்தின் காலக்கணக்கும்: முறைப்பணி ஆராய்ச்சியின் போக்குகள்

கரும்பு அரவைப் பருவம் தொடங்கிவிட்டால், கள்ளக்குறிச்சி வட்டாரத்து ரிஷிவந்தியத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து மூங்கில்துறைப்பட்டுக்கும் கச்சிராயபாளையத்துக்கும் செல்லும் சாலைகளில் கரும்பேற்றிய டிராக்டர்களும் லாரிகளும் இரவு பகல் என்ற பேதமின்றி ஓடுகின்றன. அவ்விரண்டு ஊர்களிலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இரவில் நிற்பதில்லை. நிற்க முடியாமைக்குக் காரணம் நிர்வாகத்தின் விருப்பம் அன்று, கரும்பின் இயல்பே. வெட்டிய கரும்பு ஒரு நாளைக்கு மேல் கிடந்தால் அதிலுள்ள சர்க்கரைச் சத்து சிதையத் தொடங்கும்; சக்கையை எரித்து நீராவி எழுப்பும் கொதிகலனை மாலையில் அணைத்துக் காலையில் மூட்டுவது கட்டுப்படியாகாது. ஆகவே எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சங்கு ஊதுகிறது, ஆட்கள் மாறுகிறார்கள், யந்திரம் மட்டும் பருவம் முடியும் வரை ஓடுகிறது.

பகலில் உழைத்து இரவில் உறங்கும்படி அமைந்த மனித தேகம், இவ்வொழுங்கைத் தலைகீழாக்கும் வேலைக்கு நாளடைவில் இசைந்துவிடுமா? இசையாதெனில் அதனால் விளையும் தீங்கு எத்தகையது, எவ்வளவு, யாருக்கு? இக்கேள்வி மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. பழக்கம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றவர்கள், தேகத்தினுள் இருக்கும் காலக்கணக்கு மாறாதது என்றவர்கள், நோய்களை எண்ணிக் கணக்கிட்டவர்கள், பணிமுறையைத் திருத்தினாலே போதும் என்றவர்கள், சட்டத்தால் தடுக்க வேண்டும் என்றவர்கள் எனப் பல தரப்பினர் இதற்கு விடை கூறியுள்ளனர். அவ்விடைகள் பிறந்த சூழ்நிலையையும், அவற்றின் பலத்தையும் பலவீனத்தையும், இன்னும் தீராமல் நிற்கும் ஐயங்களையும் வகைப்படுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்குக்கு முன்னும் பின்னும்

இரவில் உழைப்பது யந்திர யுகத்தின் படைப்பு அன்று. மதுரைக்காஞ்சி நகரத்து இரவை யாமம் யாமமாக விவரிக்கும்போது உறங்காத காவலரையும் சேர்த்தே விவரிக்கிறது. கல்வராயன் மலைச் சரிவுகளில் சாமையும் தினையும் விளையும் புனங்களைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதற்குப் பரண்மேல் விழித்திருப்பதும் இரவுப் பணியே. ஐரோப்பாவில், தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் தனி நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, ஊர் உறங்கும்போது விழித்தும் ஊர் விழித்தபின் உறங்கியும் வாழும் ரொட்டி சுடுவோரின் உபத்திரவங்களை அதில் குறித்து வைத்தார்.

எனினும் பழைய இரவுப் பணிக்கும் புதியதற்கும் ஒரு பேதம் உண்டு. பழையது சிலருக்கு உரியது, இருளில் நடந்தது, பெரும்பாலும் இடையிடையே கண்ணயர இடம் தந்தது. மின்விளக்கு வந்தபின் பகலின் வேகத்தோடும் பகலின் வெளிச்சத்தோடும் ஆயிரக்கணக்கானோர் இரவு முழுவதும் உழைப்பது சாத்தியமாயிற்று. மின்விளக்கு மனிதரின் நித்திரையையே குலைத்துவிட்டது என்ற கருத்தும் இதையொட்டி எழுந்தது. ஆனால், மின்சாரம் எட்டாத மூன்று வேட்டுவ, வேளாண் சமூகத்தாரை ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அளந்து 2015-இல் வெளிவந்த ஆய்வு, அவர்களும் இரவில் சராசரியாக ஆறேழு மணி நேரமே உறங்குகின்றனர் என்று காட்டியமையால், அக்கருத்து அதன் தீவிரமான வடிவில் நிலைக்கவில்லை.

இந்தியாவில் இக்கேள்வி முதலில் வைத்தியக் கேள்வியாக எழாமல் நீதிக் கேள்வியாகவே எழுந்தது. பஞ்சாலைகளில் மின்விளக்குப் புகுந்து வேலை நேரம் வரம்பின்றி நீண்டபோது அமைக்கப்பட்ட 1907-08-ஆம் ஆண்டு ஆலைத் தொழில் விசாரணைக் குழுவில், பிற்காலத்தில் நீதிக்கட்சியை நிறுவியோருள் ஒருவராக விளங்கிய சென்னை வைத்தியர் டாக்டர் டி. எம். நாயர் உறுப்பினராக இருந்தார். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டம் நேரடியாக வரையறுக்கலாகாது என்று பெரும்பான்மையோர் கருத, அவர் தனியே மாற்றுக் குறிப்பு எழுதினார். 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களுக்கும் பன்னிரண்டு மணி நேர வரம்பை விதித்தது. ஆயினும் அக்கால விவாதம் முழுவதும் எத்தனை மணி நேரம் என்பதைப் பற்றியதேயன்றி, அந்த மணிகள் நாளின் எப்பகுதியில் விழுகின்றன என்பதைப் பற்றியது அன்று. அக்குறை தீர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

பழக்கம் என்ற விடை

முதல் உலக யுத்த காலத்தில், வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அல்லும் பகலும் உழைத்தோரின் நலனை ஆராய பிரிட்டிஷ் அரசாங்கம் 1915-இல் ஒரு குழுவையும், யுத்தம் முடிந்த 1918-இல் தொழிற் களைப்பை ஆராயும் வாரியம் ஒன்றையும் அமைத்தது. அங்கு தொடங்கிய ஆராய்ச்சி மரபு உற்பத்தியின் அளவையே முதன்மையான அளவுகோலாகக் கொண்டது. சில வாரங்களில் உடல் பழகிவிடும், ஆகவே பணிமுறை அடிக்கடி மாறாமல் நீடிப்பதே நலம் என்ற எண்ணம் இம்மரபில் வேரூன்றியது.

இதை நேரே சோதிக்க முயன்றவர் நித்திரை ஆராய்ச்சியின் முன்னோடியான நத்தானியல் கிளைட்மன். 1938-இல் அவரும் அவருடைய மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மாமத் குகையில் 32 நாட்கள் தங்கி, 24 மணி நாளுக்குப் பதிலாக 28 மணி நாளை வகுத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தனர். இளைஞரான மாணவரின் உடல்வெப்பம் புதிய நாளுக்கு இசைந்தது. ஆசிரியருடையது பழைய 24 மணிக் கணக்கை விடவில்லை. இருவரைக் கொண்டு பொதுவிதி காண்பது தகாதெனினும், மனிதருக்கு மனிதர் பேதம் உண்டு என்ற பிற்காலச் சித்தாந்தத்தின் வித்து அங்கேயே இருந்தது.

பழக்கக் கொள்கைக்கு முதல் வலுவான மறுப்பு ஒரு கணக்கேட்டிலிருந்து வந்தது. ஸ்வீடன் நாட்டு வாயு உற்பத்தி நிலையம் ஒன்றில் மூன்று முறைகளிலும் (ஷிப்டுகளிலும்) பணிபுரிந்தோர் 1912 முதல் 1931 வரை மணிக்கொரு தரம் எழுதிவைத்த அளவைக் குறிப்புகளைச் சரிபார்த்து 1955-இல் வெளியிட்ட ஆய்வு, பிழைகள் அதிகாலை மூன்று மணியளவில் உச்சம் அடைவதையும், பிற்பகலில் அதைவிடச் சிறிய ஏற்றம் ஒன்று தோன்றுவதையும் காட்டிற்று. இது மூங்கில்துறைப்பட்டு போன்ற ஓர் ஆலையில் என்ன பொருள்படும் என்று எண்ணிப் பார்க்கலாம். பாகு இறுகிச் சர்க்கரை மணியாகும் கட்டத்தில், பான் எனப்படும் பாகு காய்ச்சும் கலத்தின் அருகே நிற்கும் தொழிலாளி சிறிது பாகை எடுத்துக் கண்ணாடித் துண்டின்மேல் தடவி, விளக்கொளியில் பிடித்து, மணியின் பருமனைக் கண்ணால் பார்த்துத்தான் அடுத்து என்ன செய்வதென்று தீர்மானிக்கிறார். அத்தீர்மானம் பிற்பகல் ஷிப்டிலும் எடுக்கப்படுகிறது, முழு நைட்டில் மூன்று மணிக்கும் எடுக்கப்படுகிறது. ஸ்வீடன் ஏட்டின் சாட்சியப்படி இரண்டுக்கும் ஒரே கூர்மையை எதிர்பார்ப்பது நியாயம் அன்று.

இருப்பினும் பழக்கக் கொள்கையினர் கைவசம் ஒரு பலமான பிரமாணம் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ஆண் தொழிலாளரிடையே நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்து டெய்லரும் போக்காக்கும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், முறைப்பணி செய்வோருக்கும் பகற்பணி செய்வோருக்கும் இடையே பெரிய வித்தியாசம் ஒன்றும் தென்படவில்லை. இதிலுள்ள குறை பின்னரே தெளிவாக உணரப்பட்டது. இரவு வேலையைத் தாங்க முடியாதவர் அதைவிட்டு விலகிவிடுகிறார்; தாங்கியவர் மட்டுமே முறைப்பணியாளர் பட்டியலில் எஞ்சுகிறார். முறத்தில் புடைத்தபின் நின்ற மணிகளை மட்டும் எண்ணி, விளைச்சலில் பதரே இல்லை என்று கூறுவது போன்றது அது. விலகியவர்களையும் தேடிப் பிடித்து எண்ணாத எந்தக் கணக்கும் இரவுப் பணியின் தீங்கைக் குறைத்தே காட்டும் என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட எச்சரிக்கை.

தேகத்தினுள் ஒரு கடிகாரம்

இரண்டாவது விடை ஆலைகளிலிருந்து வரவில்லை, தாவரங்களிலிருந்து வந்தது. அலெக்ஸாந்தரின் படையோடு வந்த ஆந்த்ரோஸ்தெனஸ், பாரசீக வளைகுடாத் தீவொன்றில் இரவில் இலை மூடும் ஒரு மரத்தைக் கண்டு எழுதினார். அது புளியமரம் என்றே பலரும் கருதுகின்றனர். 1729-இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான் இலை சுருக்கும் செடியொன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்தபோது, சூரியனைக் காணாமலே அது வேளை தவறாமல் இலையை விரித்து மூடியது. ஜெர்மானியத் தாவரவியலார் எர்வின் ப்யூன்னிங் இவ்வழியில் வெகுதூரம் சென்று, உயிர்களின் உள்ளேயே காலத்தை அளக்கும் ஏற்பாடு உண்டு என்பதை நிலைநாட்டினார்.

ப்யூன்னிங்கிடம் ட்யூபிங்கனில் பணியாற்றிய எம். கே. சந்திரசேகரன் இத்துறையை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வேரூன்றச் செய்தது, தமிழ்நாட்டு விஞ்ஞான வரலாற்றில் விசேஷமாகக் குறிக்கத்தக்கது. ஜி. மாரிமுத்து முதலிய சகாக்களுடன் அவர் சமணர் மலைக் குகையில் நடத்திய வௌவால் ஆராய்ச்சி 1981-இல் வெளிவந்தது. நிரந்தர இருளில் தனியே அடைக்கப்பட்ட வௌவால் தன் உட்கணக்கின்படி நாளுக்கு நாள் விலகிச் செல்ல, சுதந்திரமாகப் பறந்து வரும் கூட்டத்தின் நடுவே அடைக்கப்பட்ட வௌவால் சூரியனைக் காணாமலே கூட்டத்தின் நேரத்தைக் கடைப்பிடித்தது. ஒளி மட்டுமன்றி உறவும் கடிகாரத்தைத் திருத்தும் என்பதற்கு இது அரிய சான்று. ஜெர்மனியில் ஆஷாஃபும் வேவரும் ஆண்டெக்ஸ் நிலவறைகளில் செய்தது போல, மதுரையிலும் மனிதர்களைக் காலமறியாத் தனிமையில் தங்கவைத்து ஆராய்ந்தனர். அப்படித் தங்கியோருள் சிலரிடத்தில் உறக்க விழிப்பின் சுழற்சி உடல்வெப்பத்தின் சுழற்சியிலிருந்து பிரிந்து தனிவழி போவது காணப்பட்டது.

இக்கடிகாரம் மூளையில் எங்கே உள்ளது என்பது 1972-இல் எலிகளைக் கொண்டு கண்டறியப்பட்டது. பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்த இரு சிறு உயிரணுக் கொத்துகளே அக்கடிகாரம். பழ ஈயில் இக்கடிகாரத்தை இயக்கும் மரபணுவின் முதல் தடயம் 1971-இல் கிடைத்தது. அதன் செயல்முறையை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவர் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வறிவு முறைப்பணிக்கு என்ன கூறுகிறது? நிரந்தரமாக இரவில் மட்டும் வேலை செய்வோரின் உடலில் இரவுக்குரிய ஹார்மோனான மெலடோனின் சுரக்கும் நேரத்தை அளந்த ஆய்வுகளைத் தொகுத்து சைமன் ஃபோல்கார்ட் 2008-இல் எழுதிய மதிப்பீட்டின்படி, முழுமையாக இரவுக்கு மாறியவர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஓரளவு கணிசமாக மாறியவரும் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே. பழக்கக் கொள்கைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேறில்லை. ஆயினும் வட கடல் எண்ணெய்த் துரப்பண மேடைகளில் பணிபுரிவோர் ஒரு வாரத்திலேயே பெரும்பாலும் இசைந்துவிடுகின்றனர். அங்கு காலைச் சூரியனை எதிர்கொண்டு வீடு திரும்பும் பயணம் இல்லை. பகலில் உறங்கவிடாமல் எழுப்பும் குடும்பமும் இல்லை. ஆகவே இசையாமைக்குக் காரணம் கடிகாரம் மட்டுமன்று, அக்கடிகாரத்தை நாள்தோறும் பகலுக்கே இழுத்து நிறுத்தும் சமூக வாழ்வும்தான் என்று கொள்ள இடமுண்டு. சமணர் மலை வௌவால்களும் வேறொரு வகையில் இதையே உணர்த்தின.

நோய்களின் கணக்கு

1980-களுக்குப் பிறகு ஆராய்ச்சியின் மையம் உறக்கத்திலிருந்து நோய்க்கு நகர்ந்தது. ஸ்வீடனின் காகித ஆலைத் தொழிலாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கனுட்ஸன் குழுவினர், முறைப்பணியின் ஆண்டுகள் கூடக்கூட இருதய நோயும் கூடுவதாக 1986-இல் தெரிவித்தனர். 34 ஆய்வுகளையும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட மனிதரையும் உள்ளடக்கி 2012-இல் வெளிவந்த தொகுப்பு, மாரடைப்பு அபாயம் முறைப்பணியாளரிடத்தில் சுமார் 23 சதவீதம் மிகுதி என்று மதிப்பிட்டது. முறைப்பணியாளரிடத்தில் புகைப்பழக்கமும் வறுமையும் மிகுதியாதலின், இந்த 23-இல் இரவின் பங்கு எவ்வளவு என்பது விவாதத்துக்குரியதாகவே உள்ளது.

புற்றுநோயைப் பற்றிய வரலாறு இன்னும் சிக்கலானது. மின்விளக்கின் ஒளி மெலடோனினைக் குறைப்பதன் வழியாக மார்பகப் புற்றுநோய்க்கு வழி செய்யக்கூடும் என்று ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1987-இல் ஓர் அனுமானத்தை முன்வைத்தார். 2001-இல் அமெரிக்கச் செவிலியர் சுமார் 78,000 பேரின் தகவல்களை ஆராய்ந்தோர், 30 ஆண்டுகளோ அதற்கு மேலோ சுழற்சி இரவுப் பணி செய்தவர்களிடத்தில் அந்நோய் 36 சதவீதம் மிகுதியாகக் காணப்பட்டதென்றனர். இவ்வகைச் சான்றுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-இல் உடற்கடிகாரத்தைக் குலைக்கும் முறைப்பணியை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று பெரிதும் கருதத்தக்க காரணிகளின் வகுப்பில் சேர்த்தது. 2016-இல் பிரிட்டனின் பத்து லட்சம் பெண்கள் ஆய்வும் அதனோடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட பிற ஆய்வுகளும் அத்தகைய தொடர்பு ஏதும் இல்லை என்று முடிவு கூறின. 2019-இல் முகமை மீண்டும் கூடி எல்லாவற்றையும் எடைபோட்டு, பழைய வகுப்பையே உறுதி செய்தது.

இங்கு வாசகர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அவ்வகுப்பு, தீங்கு உண்டென்பதற்கான சான்றின் வலிமையைக் குறிக்கிறதேயன்றித் தீங்கின் அளவைக் குறிப்பதன்று. அதோடு, இரவுப் பணி என்பதை ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு விதமாக வரையறுத்தது. ஆண்டுகளை எண்ணியவர் உண்டு, தொடர்ந்து வரும் இரவுகளை எண்ணியவர் உண்டு, ஒரு முறையேனும் செய்தாரா என்று மட்டும் கேட்டவரும் உண்டு. அளக்கும் கோலே ஒன்றாக இல்லாதபோது முடிவுகள் முரண்படுவதில் வியப்பில்லை.

இவற்றைவிட நமக்கு நெருக்கமானது சர்க்கரை நோய் பற்றிய கேள்வி. பரிசோதனைச்சாலையில் உடற்கடிகாரத்தையும் உணவு, உறக்க வேளையையும் எதிரெதிராக நிறுத்திப் பார்த்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், ஆரோக்கியமானோரிடத்திலும் உணவுக்குப் பின்னான குளுக்கோஸ் உயர்ந்தது. சிலரிடத்தில் அது நோயின் வாயிற்படியை எட்டியது. 2021-இல் 19 பேரைக் கொண்டு நடந்த மற்றொரு பரிசோதனை, பாவனை இரவுப் பணியின்போது உணவைப் பகலில் மட்டுமே கொடுத்தால் அவ்வுயர்வு தோன்றவில்லை என்று காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உடையோர் என்று மதிப்பிட்டிருக்க, இரவுப் பணியால் சிறிதளவே அபாயம் கூடினாலும் அதன் மொத்த பாரம் இங்கு மிகப் பெரிதாகும். ஆயினும் 19 பேரின் சில நாட்களைக் கொண்டு, நள்ளிரவில் ஆலை வாயிலில் டீயும் பஜ்ஜியும் உண்பவரின் இருபதாண்டு வாழ்வைத் தீர்மானிப்பது அவசரமாகும்.

விபத்தும் நிதானமும்

நோய்க் கணக்கில் கருத்து வேற்றுமை மிகுதி. விபத்துக் கணக்கில் அது குறைவு. ஃபோல்கார்டும் டக்கரும் 2003-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டபடி, காலை முறையைவிட இரவு முறையில் விபத்து அபாயம் சுமார் 30 சதவீதம் மிகுதி. முதல் இரவோடு ஒப்பிட, தொடர்ந்து வரும் நான்காம் இரவில் அது சுமார் 36 சதவீதம் கூடியிருந்தது. உளுந்தூர்பேட்டை வழியாக இரவெல்லாம் பஸ்ஸும் லாரியும் ஓட்டிச் செல்வோருக்கு இக்கணக்கு ஏட்டுச் சமாசாரம் அன்று.

ஆயினும் இச்சான்றை அளவு மீறி நீட்டுவோரும் உளர். 1979-ஆம் ஆண்டு மூன்று மைல் தீவு அணுமின் நிலைய விபத்து, 1984-ஆம் ஆண்டு போபால், 1986-ஆம் ஆண்டு செர்னோபில் ஆகிய மூன்றும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையிலோ அதையொட்டியோ நிகழ்ந்தமையால், உறக்கமின்மையே அவற்றுக்குக் காரணம் என்று கூறுவது பல நூல்களில் வழக்கமாகிவிட்டது. போபாலில் பாதுகாப்புச் சாதனங்கள் செயலற்றுக் கிடந்ததும், செலவுக் குறைப்புக்காக ஆட்கள் குறைக்கப்பட்டிருந்ததும் பதிவாகியுள்ள உண்மைகள். அவற்றை மறைத்துக்கொண்டு தொழிலாளியின் கண்ணயர்வைக் காரணமாக்குவது விஞ்ஞானமும் அன்று, நீதியும் அன்று.

முறையைத் திருத்துவதா, மனிதரைப் பழக்குவதா

இரவுப் பணியை ஒழிக்க முடியாதெனில் அதை எங்ஙனம் பகிர்வது என்ற கேள்விக்கு இரு மரபுகள் உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் செய்ஸ்லரும் சகாக்களும் யூட்டா மாநிலத்து உப்புத் தாது ஆலை ஒன்றில் முறைகளைக் காலை, மாலை, இரவு என முன்னோக்கிச் சுழலச் செய்து, ஒவ்வொரு முறையையும் மூன்று வாரம் நீடிக்க வைத்து, தொழிலாளரின் திருப்தியும் உற்பத்தியும் உயர்ந்ததாக 1982-இல் அறிவித்தனர். ஐரோப்பிய அறிஞர் பலரோ, உடல் எப்படியும் முழுவதும் மாறப்போவதில்லை, ஆகவே இரண்டு அல்லது மூன்று இரவுகளுக்குமேல் தொடராத விரைவுச் சுழற்சியே உறக்கக் கடனைக் குறைக்கும் என்றனர். முன்னோக்கிய சுழற்சி நல்லது என்பதில் இரு தரப்பும் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன. வேகத்தைப் பற்றித்தான் வழக்கு.

மூன்றாவது வழி, மனிதருக்கு மனிதர் உள்ள பேதத்தை முறையிலேயே ஏற்றுக்கொள்வது. விடியலில் விழிப்போருக்கு இரவு முறையையும், நள்ளிரவு வரை விழித்திருக்கும் இயல்பினருக்குக் காலை முறையையும் விலக்கி ஜெர்மனியின் உருக்கு ஆலை ஒன்றில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை நாட்களின் உறக்கம் நீண்டது. நூறு பேர் உள்ள ஆலையில் இது இயலும். நான்கு செவிலியரே உள்ள வார்டில் எங்ஙனம் என்பது விடையில்லாத வினா. மேலும், பகல் உறக்கத்துக்கு இருண்ட குளிர்ந்த அறை வேண்டும் என்று எல்லா ஐரோப்பிய ஆலோசனை நூல்களும் கூறுகின்றன. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ், பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியும் குழந்தைகளின் கூச்சலும் சூழ உறங்க முயலும் அரவைத் தொழிலாளிக்கு அந்த ஆலோசனையால் பயன் சொற்பம். ராய்ப்பூர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பதி, சந்திரவன்ஷி ஆகியோர் பிரெஞ்சு அறிஞர் ரைன்பெர்க்குடன் இணைந்து 2001-இல் கரன்ட் சயின்ஸ் இதழில் முறைப்பணியின் விளைவுகளைத் தொகுத்தளித்தனர். ஆயினும் இத்துறையின் பெரும்பாலான பிரமாணங்கள் இன்றும் குளிர்நாடுகளிலிருந்தே வருகின்றன.

பணிமுறையின் நீளத்தைப் பற்றியும் விஞ்ஞானத்துக்கு ஒரு சொல் உண்டு. எட்டு மணி முறையைவிடப் பன்னிரண்டு மணி முறையில் விபத்து அபாயம் கால் பங்குக்கு மேல் மிகுதி என்பது விபத்துக் கணக்கைத் தொகுத்த ஃபோல்கார்ட், டக்கர் வழிவந்த மதிப்பீடு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் நிறைவேறிய பன்னிரண்டு மணி வேலை மசோதா தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டபோது நடந்த விவாதத்தில் உரிமையின் குரல் உரக்கக் கேட்டது. இந்த மதிப்பீட்டின் குரலும் கேட்டிருக்குமாயின் அவ்வாதம் மேலும் வலுப்பெற்றிருக்கும்.

பெண்களும் சட்டமும்

1906-ஆம் ஆண்டு பெர்ன் உடன்படிக்கை தொடங்கி, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1919, 1934, 1948 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வரை, சட்டத்தின் விடை பெண்களை ஆலை இரவிலிருந்து விலக்குவதாக இருந்தது. இந்திய ஆலைச் சட்டமும் 1948-இல் பெண்களின் வேலையைக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையே நிறுத்தியது. இவ்வேற்பாட்டின் பலவீனம் வெளிப்படை. செவிலியரின் இரவை அது தொடவே இல்லை. கூலி மிகுந்த வேலையிலிருந்து மட்டும் பெண்களை விலக்கிற்று. சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் அப்பிரிவு சமத்துவத்துக்கு முரணானது என்று தள்ளுபடி செய்து, பாதுகாப்பு நிபந்தனைகளோடு பெண்களுக்கு இரவுப் பணியை அனுமதித்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சம்மதத்தின் பேரில் அதை அனுமதிக்கிறது.

இதற்கிடையே 1990-இல் சர்வதேச அமைப்பு வேறொரு விடையைக் கொடுத்தது. இரவுப் பணியாளர் ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் வைத்தியப் பரிசோதனை, தகுதியற்றவராயின் பகற்பணிக்கு மாற்றம், கர்ப்பிணிகளுக்கு மாற்றுப்பணி என்பது அது. இந்தியா அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. தடை நீங்கியது, காப்பு வந்து சேரவில்லை என்று நிலைமையைச் சுருக்கலாம். நூற்பாலை விடுதிகளில் அரை நைட்டும் முழு நைட்டும் செய்யும் இளம்பெண்களின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்ற வினாவுக்குச் சட்டத்தின் வாசகம் மட்டும் விடையாகாது.

ஆலைக்கு வெளியே உள்ள இரவு

ஆராய்ச்சியாளர் அளந்த இரவு பெரும்பாலும் ஆலையின் இரவும் ஆஸ்பத்திரியின் இரவும் ஆகும். ஆனால் கள்ளக்குறிச்சி வட்டாரத்து உழவர் பலருக்கு இரவுப் பணி என்பது கிணற்று மோட்டாரே. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறைவைத்து வழங்கப்பட்ட காலங்களில், கரண்ட் வரும் வேளையே பாசன வேளையாயிற்று. ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தானே ஓடவைக்கும். ஆனால் கரும்புப் பாத்திக்கு மடை திருப்ப ஆள் வேண்டும். டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக வரப்பில் நடக்கும் அவருக்குப் பணிமுறை அட்டவணை இல்லை, ஓய்வு நாள் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை.

அவருக்கு உள்ள பிரதான அபாயமும் வேறு. 2020-இல் வெளியான மரணக் கணக்கெடுப்பு ஆய்வு, இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தோர் 12 லட்சம், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்றும், அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர் என்றும் மதிப்பிட்டது. வரப்பில் கிடக்கும் கண்ணாடி விரியன்மீது இருட்டில் கால் வைப்பவரின் ஆபத்து மெலடோனின் கணக்கில் அகப்படுவதில்லை.

இதற்குரிய பரிகாரமும் உடற்கடிகார விஞ்ஞானத்திலிருந்து வரவேண்டியதில்லை. குஜராத் அரசாங்கம் 2020-இல் தொடங்கிய திட்டம் ஒன்று, உழவருக்கான மின்சாரத்தைப் பகல் வேளைக்குக் கொண்டுவருவதையே நோக்கமாகக் கொண்டது. சூரிய ஒளியால் இயங்கும் பம்பு செட்டுகள், தம் இயல்பினாலேயே பாசனத்தைப் பகலுக்குத் திருப்புகின்றன. கரும்பாலையின் இரவு கரும்பின் இயல்பால் வந்தது. பாசனத்தின் இரவு மின்சாரப் பங்கீட்டால் வந்தது. முன்னதைத் தவிர்க்க முடியாது, பின்னதைத் தவிர்க்கலாம். இப்பாகுபாடு இத்துறையின் நூல்களில் போதிய அளவு வலியுறுத்தப்படவில்லை.

எஞ்சி நிற்பவை

மேற்கண்ட விடைகளை ஒருங்கே நோக்கின், சில முடிவுகள் உறுதிபெற்றுவிட்டன என்று கூறலாம். பெரும்பாலோரின் உடல் நிரந்தர இரவுக்கும் முழுமையாக இசைவதில்லை. அதிகாலையில் கவனம் தளர்கிறது. இரவுகள் தொடரத் தொடர விபத்து அபாயம் ஏறுகிறது. இருதய நோயோடு உள்ள தொடர்பு பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. புற்றுநோயைப் பற்றிய ஐயம் நியாயமானது, ஆனால் அதன் அளவு தீர்மானமாகவில்லை. சுழற்சியின் வேகம், உணவின் வேளை, இயல்புக்கேற்ற முறை ஆகியவை நம்பிக்கை தருவன, ஆயினும் சிறு பரிசோதனைகளின் பலத்திலேயே நிற்கின்றன. வெப்பநாட்டின் பகல் உறக்கமும், பருவத்துக்கு மட்டும் முறைப்பணி செய்து மற்ற மாதங்களில் வயல் வேலைக்குத் திரும்பும் வாழ்வும் இனி ஆராயப்பட வேண்டியவை.

முந்நூறு ஆண்டு விவாதத்தின் போக்கில் கேள்வியே மெல்ல உருமாறியுள்ளது. மனிதர் இரவுக்குப் பழகுவாரா என்று தொடங்கிய விசாரணை, எந்த இரவு அவசியமானது, அதை யார் யார் எத்தனை காலம் சுமப்பது, அதை யார் தீர்மானிப்பது என்ற விசாரணையாக முடிந்திருக்கிறது. முதற்கேள்விக்கு விஞ்ஞானம் பெரும்பாலும் விடை சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு அது சாட்சியம் அளிக்கலாமேயன்றித் தீர்ப்புக் கூற முடியாது. அவசியமற்ற இரவுப் பணியை நீக்குவதும், அவசியமானதைத் தொடர்ச்சியான சில இரவுகளுக்கு மேல் ஒருவர் தலையில் சுமத்தாதிருப்பதும், சுமப்பவருக்கு உரிய ஓய்வும் வைத்தியப் பரிசோதனையும் சட்டப்படி கிடைக்கச் செய்வதும் இன்றுள்ள சான்றுகளின் பலத்திலேயே செய்யத்தக்கவை. எஞ்சிய ஐயங்கள் தீரும்வரை அவற்றை ஒத்திவைக்க நியாயமில்லை.